முப்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து

ஜொகூர் மாநிலத்தில், கூலாய்க்குப் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியையாக நான் சேர்ந்த முதல் நாள், ஓய்வு நேரத்தில் அவர் என்னைச் சிற்றுண்டிச்சாலைக்கு அழைத்துப் போனார். தமிழ்மொழிப் பணித்தியத்தின், அதாவது பாடக்குழுவின், தலைவர் அவர். அந்தப் பள்ளியில் தமிழுக்கு நாங்கள் இரண்டே பேர். கடை வைத்திருந்த மலாய்க்கார அம்மாவிடம் எனக்கு ஒரு தே ஓ கொசோங் என்றார். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது, வெறும் சாயம். நானோ பால் ஊற்றி, சீனி தூக்கலாகப் போட்டுக் குடிக்கிறவள். அதைச் சொல்லவும் செய்தேன். இந்தக் காலத்து டீச்சர்கள் எல்லாரும் சீனியைக் குறைத்துவிட்டார்கள், அது தமக்குத் தெரியாதா என்று சிரித்தார். அந்த அம்மாவும் தலையாட்டிவிட்டுக் கசப்புத் தண்ணீரை நீட்டினார். அங்கே இருந்த ஒன்றரை வருடமும் அதைத்தான் குடித்தேன்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மெலிந்த உடம்பு. சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. வியாழக்கிழமை பாத்தேக் சட்டை, மற்ற நாளில் வெள்ளை. பையில் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. நீலம் தீரும், சிவப்பு தீர்ந்து நான் பார்த்ததில்லை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டத் தொடங்கிவிடுவார். முதல் வாரத்தில் அதைப் பரிவு என்று நினைத்தேன். இரண்டாவது வாரத்தில்தான் புரிந்தது, அது நம் பேச்சுக்குத் தலையாட்டுவதல்ல; நமக்குப் பதிலாகத் தாம் பேசப்போவதற்குத் தலையாட்டுவது.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். தம் காரிலேயே கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். காய்ச்சல் எத்தனை நாளாக என்றால் மூன்று நாள் என்றார். முந்தின நாள் சாயங்காலம்தான் ஆரம்பித்தது. சாப்பாடு இறங்குகிறதா என்றால் பசியே இல்லை என்றார். காலையிலிருந்து எனக்கு ரொட்டிச் சானாய் நினைப்புதான். மூன்று நாள் என்றதும் டாக்டருக்கு டெங்கிச் சந்தேகம் வந்துவிட்டது. என் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். திரும்பி வரும்போது அவர் காரில் சொன்னார், நல்ல வேளை தாம் கூட வந்தது, இல்லாவிட்டால் டீச்சர் கூச்சப்பட்டுக்கொண்டு எதையும் சொல்லியிருக்க மாட்டார் என்று.

பள்ளியில் தோட்ட வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இறந்துபோனார். ஆசிரியர்கள் சிலர் வேனில் போனோம். சவப்பெட்டியை எடுப்பதற்கு முன் இரண்டு வார்த்தை பேசப் பணித்தியத் தலைவர் முன்வந்தார். மறைந்தவர் தமிழ்மேல் உயிரையே வைத்திருந்தார், தினமும் காலையில் தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவார், சாகும்போதும் தம் பேரப்பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் போயிருப்பார் என்றெல்லாம் பேசினார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரின் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, "அவருக்குப் படிக்கத் தெரியாதும்மா," என்றார். வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது.

முதலில் அவர் அதற்கு எதிரி. காலைக்கூட்டத்தில் மேடை ஏறி, ஏஐ வந்தால் மாணவர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள், மாணவர்களே அதை உணர்ந்து வருந்துகிறார்கள் என்று பேசினார். வெயிலில் நின்றுகொண்டிருந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செனாய்ப் பக்கம் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். கழுத்தில் பயிற்சி அட்டை தொங்க, அதைக் கழற்றாமலேயே வகுப்புக்கு வந்து, மாணவர்கள் நெடுநாளாக ஆவலோடு எதிர்பார்த்திருந்த ஏஐ இனி நம் வகுப்பிலும் உண்டு என்று அறிவித்தார். அதற்கும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் அதற்கு எதிரி அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். வேற்றுமை உருபுக்குப் பயிற்சிக் கேள்வி வேண்டுமென்றால் நானும் அதைக் கேட்டு வாங்கி, தப்பைத் திருத்தி, வகுப்புக்குக் கொண்டுபோவேன். அவரோ கட்டுரையைக் கேட்டு வாங்கினார். தலைப்பைத் தட்டுவார், வருவதை அச்சடிப்பார், முப்பத்திரண்டு பிரதி எடுப்பார், மனப்பாடம் செய்யச் சொல்வார். நான்காம் படிவ வகுப்புக்கு அவர் கொடுத்த 'எங்கள் ஊர்' கட்டுரையில் ஓர் ஏரி இருந்தது. ஏரிக்கரையில் ஆலமரம், பக்கத்தில் நெல்வயல், அறுவடை முடிந்து களத்தில் நெற்குவியல். எங்கள் பிள்ளைகள் செம்பனைத் தோட்டத்தையும் நெடுஞ்சாலையையும் தொழிற்பேட்டையையும் பார்த்து வளர்ந்தவர்கள். தர்வின் என்ற பையன் எழுந்து, களம் என்றால் என்ன சார் என்று கேட்டான். அதெல்லாம் தேர்வுக்கு வேண்டாம், எழுதினால் மதிப்பெண் வரும் என்றார் அவர். நல்லவேளை, அந்தக் களம் எங்கே இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை; கேட்டிருந்தால் கூலாயிலேயே ஓர் இடத்தைக் காட்டியிருப்பார்.

அந்த வகுப்புக்கு இலக்கணம் நான் எடுத்தேன். அங்கே யாழினி என்றொரு பெண் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். எழுதும்போது மட்டும் பேனாவை அழுத்திப் பிடித்து, தாளின் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும்படி எழுதுவாள். 'என் அம்மா' என்ற தலைப்புக்கு மனப்பாடம் பண்ணியதை எழுதாமல் அவள் தன் அம்மாவைப் பற்றியே எழுதிவிட்டாள். அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கெலாங் பாத்தா வழியாகச் செகண்ட் லிங்க் கடல்பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் சின்னச் சின்ன மின்சாதனங்களைப் பெட்டியில் அடுக்குவது. மழை என்றால் மேம்பாலத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கான மோட்டார்களோடு ஒதுங்கி நிற்பது. வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் நெற்றியில் ஒரு கோடு விழுந்திருப்பது, தூங்கப் போகும்வரை அந்தக் கோடு மறையாமலிருப்பது. எழுத்துப்பிழை ஏழெட்டு இருந்தது. ல, ள குழப்பம் இருந்தது. அவள் அதை முதலில் என்னிடம்தான் காட்டினாள். பிழைகளைச் சொல்லிவிட்டு, ஒரு சொல்லையும் மாற்றாதே என்று நான் சொல்லியிருந்தேன்.

அவர் அதைப் படிக்கவில்லை. கைப்பேசியில் படம் எடுத்து, சிறப்பாக்கித் தா என்று கேட்டு, வந்ததை அச்சடித்து, கட்டுரையோடு பின் குத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அச்சுத்தாளில் யாழினியின் அம்மா விடியலில் எழுந்து நீராடி, வாசலில் கோலமிட்டு, விளக்கேற்றி, மணக்க மணக்கச் சமைத்து, மகளுக்கு ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு வழியனுப்பிக்கொண்டிருந்தார். மோட்டார் இல்லை. பாலம் இல்லை. எழுத்துப்பிழையும் இல்லை. கீழே நீலப் பேனாவில், இப்படித்தான் எழுத வேண்டும் என்று ஒரு வரி.

நான் அவரிடம் போய்ப் பேசிப்பார்த்தேன். அந்தப் பெண் எழுதியது உண்மையான விஷயம் சார் என்றேன். அவளும் இதைத்தான் எழுத நினைத்திருப்பாள், சொல் கிடைத்திருக்காது என்றார்.

அடுத்து வந்த பெற்றோர் ஆசிரியர் கூட்டம் ஒரு சனிக்கிழமை. ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்களுக்குச் சனியும் ஞாயிறும். யாழினியும் அவள் அம்மாவும் சேர்ந்தாற்போல் வீட்டில் இருப்பது அந்தச் சனிக்கிழமை ஒரு நாள்தான். அதையும் விட்டுவிட்டு அந்த அம்மா வந்திருந்தார். கையில் நான்காக மடித்த தாள். தமிழ்ப் பகுதி வந்ததும் எழுந்து நின்றார். வணக்கம் சார் என்றார். அதற்கு மேல் அவருக்கு வழி கிடைக்கவில்லை. உங்கள் கவலை எனக்குப் புரிகிறதம்மா, பிள்ளை எந்நேரமும் கைப்பேசியிலேயே இருக்கிறது, தாயும் வேலைக்குப் போகிறவர், கண்டிக்க நேரமில்லை, இது உங்கள் ஒருவர் பிரச்சினை மட்டுமல்ல, இங்கே வந்திருக்கிற எல்லாத் தாய்மாரின் மனக்குமுறல் என்று பணித்தியத் தலைவர் பத்து நிமிடம் பேசினார். கைதட்டல்கூட விழுந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் மோட்டார் நிறுத்தும் இடத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தார். என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். தாளைப் பிரித்து என்னிடம் கொடுத்தார். அந்த அச்சுத்தாள்தான்.

"நான் கோலம் போடமாட்டேன் டீச்சர். அத மட்டும் சொல்லலாம்னு வந்தேன்."

ஏதோ சமாதானம் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் தவணையில் பள்ளிக்கு ஒரு கட்டு வந்தது. பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர், மொழி வகுப்பில் செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஆசிரியர்களும் மாணவர்களும் என்ன நினைக்கிறார்கள் என்று ஆய்வு செய்துகொண்டிருந்தார். மாணவருக்கு ஆளுக்கு ஒரு வினாப்படிவம், எங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று. பெயர் வேண்டாம், வகுப்புப் பதிவேட்டு எண் போதும். கையால் எழுதியும் அனுப்பலாம், இணையத்திலும் அனுப்பலாம். கட்டு வந்த அன்று பணித்தியத் தலைவர் வெளியே கூட்டத்துக்குப் போயிருந்ததால் அலுவலகத்துக் கிராணி அதை என் மேசையில் வைத்துவிட்டார். மறுநாள் என் பாடவேளையில் நான்காம் படிவத்துக்குக் கொடுத்தேன்.

வகுப்பு இதைத் தேர்வு என்று நினைத்துக்கொண்டது. பதில் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் படிக்க வேண்டும் என்று கேட்டார்கள். பதில் எங்கேயும் இல்லை, நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள் என்றேன். பின் வரிசையிலிருந்து தர்வின், உண்மையாகவே எழுதலாமா என்று கேட்டான். எழுதலாம் என்றேன். அந்த வாக்குறுதியை நான்தான் கொடுத்தேன். அதை இன்றும் மறக்க முடியவில்லை.

எழுதினார்கள். மணி அடித்தும் எழுதினார்கள். ஒருவன் ஏஐ தனக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தான், ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும் அது கோபப்படாதாம். ஒருத்தி, அதன் தமிழ் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, அதனால் அது யார் வீட்டுத் தமிழ் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். மூன்று பேர் கருத்து இல்லை என்று எழுதினார்கள். தர்வின், கட்டுரையை மிஷின் எழுதுகிறது, மார்க்கை மிஷின் போடுகிறது, நடுவில் எங்களை எதற்கு வெயிலில் நடந்து வரச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தான். யாழினி பக்கத்தை நிறைத்துவிட்டுப் பின்பக்கமும் எழுதியிருந்தாள். தன் அம்மாவை மிஷின் மாற்றிவிட்டது என்றும், மிஷின்மேல் தனக்குக் கோபம் இல்லை, அதற்குத் தன் அம்மாவைத் தெரியாது, சாருக்குத் தெரிந்திருக்கலாம் என்றும்.

எல்லாவற்றையும் உறையில் போட்டு அவர் மேசைக்குக் கொண்டுபோனேன். உறையைப் பார்த்துவிட்டு, இது என்ன என்றார். சொன்னேன். அது போன வாரமே அனுப்பியாகிவிட்டது என்றார்.

எனக்குப் புரியவில்லை. விரிவுரையாளர் இணைய முகவரியைத் தமக்கு முன்பே அனுப்பியிருந்ததாகச் சொல்லி, மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முப்பத்திரண்டு மாணவருக்கும் முப்பத்திரண்டு பதில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. எல்லாம் ஏஐயிடம் கேட்டு வாங்கியது. அதில் அவருக்கு வெட்கம் கொஞ்சமும் இல்லை. ஒரு சமையல்காரர் மூடியைத் திறந்து காட்டுவதுபோல் காட்டினார்.

"மூணு பேரு எதுக்கிற மாதிரி போட்டிருக்கேன் டீச்சர். எல்லாரும் ஆதரிச்சா நம்பமாட்டாங்க. அங்கங்க ரெண்டு எழுத்துப்பிழையும் போடச் சொன்னேன்."

பிள்ளைகளிடம் கேட்காமல் எப்படி சார் என்றேன்.

"இருபத்தாறு வருஷமா பாக்கிறேன். பிள்ளைங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

பட்டியலின் அடியில் 'ஆசிரியர் இரண்டு' என்று ஒரு பதில் இருந்தது. ஏஐ வந்தபின் தம் பணிச்சுமை வெகுவாகக் குறைந்துவிட்டதாகவும், திருத்தும் நேரத்தை இப்போது மாணவர்களோடு அன்பாகச் செலவிட முடிவதாகவும் அந்த ஆசிரியை மகிழ்ந்திருந்தார். அது நான்தான். இரண்டு முறை படித்த பிறகுதான் தெரிந்தது.

உறையைக் குப்பையில் போட்டுவிடும்படி சொன்னார். நான் போடவில்லை, என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அதை அப்போது ஒரு பெரிய வீரச் செயலாக நினைத்துக்கொண்டேன். என் ஒப்பந்தம் அந்த வருடக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கலாமா என்று முதல்வர் அவரிடம்தான் கேட்பார். பூட்டிய இழுப்பறைக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது, வீரமும் கெடாது.

மூன்று வாரம் கழித்து அந்த விரிவுரையாளர் நேரில் வந்தார். எங்கள் பள்ளியின் பதில்கள் மிகத் தெளிவாக இருந்தனவாம். சில மாணவர்களோடு பேசிப்பார்க்க வேண்டுமாம். பதிவேட்டு எண்ணைச் சொல்லி ஐந்து பேரைக் கேட்டார். நூலகத்தில் மேசையைச் சேர்த்துப் போட்டோம். ஐந்து பேர், விரிவுரையாளர், ஓரமாக நான். அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிள்ளைகளின் பக்கம் உட்கார்ந்தார். விரிவுரையாளர் நயமாக, சார் வெளியே இருந்தாலும் பரவாயில்லை என்றார். தாம் இருந்தால்தான் பிள்ளைகள் தயங்காமல் பேசுவார்கள் என்று அவர் பதில் சொன்னார்.

முதல் இரண்டு பேரிடம் கேட்ட கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். மூன்றாவதாக விரிவுரையாளர் தாளைப் பார்த்துக்கொண்டு, எண் பதினான்கு யார் என்று கேட்டார். யாழினி கையைத் தூக்கினாள். அவளுடைய பதிலில் ஒரு வரி தமக்கு ரொம்பப் பிடித்திருந்ததாகச் சொல்லி வாசித்தார். ஏஐ என் எழுத்துக்குச் சிறகு தந்தது என்பது அந்த வரி. அதைக் கொஞ்சம் விளக்க முடியுமா என்று கேட்டார்.

யாழினி விரிவுரையாளரை முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"அது நான் எழுதல."

வெட்கப்படுகிறாள் டாக்டர், இவள் எப்போதும் இப்படித்தான் என்றார் அவர்.

"வெக்கம் இல்ல சார். நான் எழுதினது டீச்சர்கிட்ட இருக்கு. நாங்க எல்லாரும் எழுதினது."

விரிவுரையாளர் என் பக்கம் திரும்பினார். உண்மையா டீச்சர் என்று கேட்டார். குரலில் கண்டிப்பு இல்லை. நான் எழுந்து பத்தடி நடந்து இழுப்பறையைத் திறந்தால் போதும். ஆசிரியர் அறை நூலகத்துக்கு அடுத்த கதவு. சாவி என் கைப்பையில் இருந்தது. ஐந்து பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள்.

அவர் தலையாட்டத் தொடங்கிவிட்டிருந்தார்.

"டீச்சருக்கு இதப் பத்தி ஒன்னும் தெரியாது. அவங்க டெம்பரரி."

பேச்சு வரவில்லை என்று சொல்லலாம். பொய். வந்தது, விழுங்கினேன். அவர் எனக்காகச் சொன்ன பொய் எனக்கு வசதியாக இருந்தது. அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அவரை நான் எவ்வளவு இளக்காரமாக நினைத்தாலும், அந்த நிமிடத்தை நினைத்தால் அதில் பாதி எனக்கே வந்து சேர்கிறது.

விரிவுரையாளர் நோட்டில் எதையோ எழுதினார், மூடினார். மற்ற இரண்டு பேரிடம் பேருக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பிவிட்டார். எங்கள் பள்ளியின் பதில்கள் எதையும் அவர் ஆய்வில் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பிறகு முதல்வருக்குக் கடிதம் வந்தது. காரணம் ஒன்றும் எழுதவில்லை. பொய்யும் போகவில்லை, உண்மையும் போகவில்லை. அந்த முப்பத்திரண்டு பேரும் எங்கேயும் எதுவும் சொல்லாதவர்களாக ஆனார்கள். பணித்தியத் தலைவர் அசரவே இல்லை. நம் மாணவர்களின் தரம் அவர்களுடைய ஆய்வுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவு உயரம் என்று ஆசிரியர் அறையில் சொன்னார்.

மறுநாள் யாழினியைத் தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். மாடிப்படிக்குக் கீழே, கூட்டமாகப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருக்கும் நேரம். சத்தத்தில் அவளுக்கு முதலில் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னபோது அவள் புத்தகப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பரவால்ல டீச்சர். உங்களுக்கும் வேல வேணும்ல."

கேலியாகச் சொல்லவில்லை. சம்பளத்துக்காக நான்கு மணிக்கு எழுந்து போகிற ஒருவரின் மகள், வேலை என்றால் என்ன என்று தெரிந்து சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

ஐந்தாம் படிவத்தில் அவள் தமிழ் எடுக்கவில்லை. அவளோடு சேர்ந்து இன்னும் ஆறு பேர் விட்டுவிட்டார்கள். ஏன் என்று முதல்வர் கேட்டபோது, பிள்ளைகளுக்கு அறிவியல் பாடச் சுமை அதிகம், அவர்களே கண்ணீரோடு வந்து தம்மிடம் சொன்னார்கள் என்று அவர் விளக்கம் கொடுத்தார். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அவர்தான் நல்ல வார்த்தை சொல்லியிருந்தார். அடுத்த வருட நடுவில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்துக் குளுவாங்குக்கு மாறினேன்.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஜொகூர் பாருவில் தமிழாசிரியர்களுக்கான ஒருநாள் பட்டறை. குளுவாங்கிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். மண்டபத்தில் நூறு பேருக்கு மேல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் அங்கம் அவருடையது. தலைப்பு, ஏஐ காலத்தில் மாணவர் குரல். சட்டையில் இப்போதும் ஒரு சுருக்கம் இல்லை. ஓர் இளைஞரைப்போல் மேடையில் அங்குமிங்கும் நடந்து பேசினார். தம் பழைய பள்ளியில் முப்பத்திரண்டு மாணவரிடம் கருத்துக் கேட்ட கதையையும் சொன்னார். பதினான்காம் எண் மாணவி ஒருத்தி, ஏஐ என் எழுத்துக்குச் சிறகு தந்தது என்று எழுதினாளாம். அதைப் படித்துத் தாம் அழுதுவிட்டாராம். திரையில் பெரிய எழுத்தில் அந்த வரி வந்தது.

அப்போதுதான் என்னைக் கண்டுகொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. அதோ அந்த டீச்சர் அப்போது என்னோடுதான் வேலை செய்தார், அவருடைய அனுபவமும் இதேதான், கேட்டுப்பாருங்கள் என்றார். நூறு தலைகள் திரும்பின. யாரோ ஓடிவந்து ஒலிவாங்கியைக் கையில் திணித்தார்கள்.

எழுந்து நின்றேன். இரண்டு வருடமாக மனத்துக்குள் பலமுறை சொல்லிப்பார்த்த வாக்கியம் என்பதால் தடுமாறவில்லை.

"இல்ல சார். அந்தப் பிள்ளை அப்படி எழுதல. அவங்க எழுதினத நீங்க பிரிச்சே பாக்கல."

ஒலிவாங்கி நன்றாகத்தான் வேலை செய்தது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் ஒரு கணம்கூடத் திகைக்கவில்லை. நான் முடிப்பதற்கு முன்பே தலையாட்டிக்கொண்டிருந்தார். சபையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"டீச்சர் என்ன சொல்ல வர்றாங்கன்னா, பிள்ளைங்க எழுதினத ஒவ்வொன்னா பிரிச்சுப் பாத்த காலம் போயிருச்சு. இப்ப அவங்க மனசப் பிரிச்சுப் பாக்கணும். அதுக்குத்தான் நமக்கு ஏஐ இருக்கு."

கைதட்டல் முன் வரிசையில் தொடங்கிப் பின்னால் வரை வந்தது. என் கையிலிருந்த ஒலிவாங்கியை யாரோ மெதுவாக வாங்கிக்கொண்டார்கள். நான் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ஆசிரியை, எந்தப் பள்ளி என்று தெரியாது, நான் சொன்னதாக அவர் சொன்னதை நோட்டில் எழுதி முடித்துவிட்டு என் கையைத் தொட்டார்.

"நல்லா சொன்னீங்க டீச்சர்," என்றார்.